சர்வரை ஒரு முறையாவது நீங்களே கட்டிப் பாருங்கள்



குளிர்பான நிறுவனம் தன் பானத்தின் கலவையை வெளியில் சொல்லாது. கைப்பேசி தயாரிப்பவர் தன் சில்லின் வரைபடத்தைக் காட்டமாட்டார். வியாபார உலகில் செய்முறை என்பது பூட்டி வைக்க வேண்டிய சொத்து. ஆனால் இன்றைய இணையத்தைத் தாங்கி நிற்கும் மென்பொருள்கள் பலவற்றின் செய்முறையை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கட்டணம் இல்லை, அனுமதிக் கடிதம் வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பெரிய வங்கியின் பொறியாளர் பதிவிறக்கம் செய்யும் அதே கோப்புதான் படிவம் 3-இல் படிக்கும் உங்களுக்கும் கிடைக்கும்.

கதவு இப்படித் திறந்து கிடந்தும் நம் மாணவர்களில் மிகச் சிலரே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கவலை. எஸ்.பி.எம். முடித்து வெளியேறுவதற்குள், அறிவியலில் ஆர்வமுள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு சர்வர் மென்பொருளின் மூல நிரலைப் பதிவிறக்கம் செய்து, சரிபார்த்து, தம் கையாலேயே அதைக் கட்டி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் எல்லாரும் கணினிப் பொறியாளர் ஆகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிறர் சொன்னதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் கற்கிறோம். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. அதை மீட்டுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பச்சை நிறத்துக்குப் பின்னால்

கணினி அறிவியல் பாடம் எடுக்கும் படிவம் 5 மாணவர்கள் பலருக்கு 'எக்ஸாம்ப்' என்ற மென்பொருள் தொகுப்பு பழக்கமானது. அதை நிறுவி, கட்டுப்பாட்டுப் பலகையில் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினால் 'அப்பாச்சி' என்ற பெயரின் பின்னணி பச்சையாக மாறும். சர்வர் ஓடுகிறது என்று பொருள். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் ஓடுவது என்ன? சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் கறுப்புப் பெட்டிகளைத்தான் பலர் நினைக்கிறார்கள். அவை சர்வரைத் தாங்கும் கணினிகள். சர்வர் என்பது அடிப்படையில் ஒரு மென்பொருள். உணவகத்தில் பரிமாறுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பதைக் காதில் வாங்கி, சமையலறையிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைக்கிறார். இல்லாததைக் கேட்டால் இல்லை என்கிறார். இணையத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் '404' என்ற எண் அந்த 'இல்லை'தான்.

இந்த மென்பொருளை மனிதர்கள் 'சி' என்ற நிரல்மொழியில் எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட வரிகளே மூல நிரல். அதை நாம் படிக்கலாம். கணினியின் செயலி நேரடியாகப் படிக்காது. 'கம்பைலர்' என்ற இன்னொரு மென்பொருள் அந்த வரிகளைச் செயலிக்குப் புரியும் இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு செயலிக்குப் புரியும்; நமக்குப் புரியாது. எக்ஸாம்ப் தொகுப்பில் உங்களுக்குக் கிடைப்பது ஏற்கெனவே மாற்றி முடித்த வடிவம். மூல நிரலை எடுத்து, கம்பைலரிடம் கொடுத்து, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவதைத்தான் 'பில்ட்' செய்வது, அதாவது கட்டுவது என்கிறோம்.

வீட்டுச் சமையலறையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கடையில் வாங்கும் மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பார்த்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. தூளில் மிளகாயும் ஒன்றுதான், செங்கல் பொடியும் ஒன்றுதான், இரண்டும் சிவப்பு. காய்ந்த மிளகாயை வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் போட்டு, மில்லில் கொடுத்து அரைத்து வாங்கும் பாட்டிக்கு அந்தச் சந்தேகம் வராது. மூல நிரல் என்பது மிளகாய். கம்பைலர் என்பது மில். நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள் பொட்டலத்தூள். இந்த உதாரணத்தை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

ஒட்டுப்போட்டு வளர்ந்த சர்வர்

மூல நிரலைத் திறந்து வைத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அப்பாச்சியின் வரலாறே பதில்.

ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இன் இறுதியில் உலகின் முதல் வலைச் சர்வரை ஓடவிட்டார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த வலை மென்பொருளைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் இன்னொரு சர்வரை எழுதினார். அது வேகமாகப் பரவியது. 1994-இன் நடுப்பகுதியில் அவர் அந்த மையத்தைவிட்டுப் போனதும் மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனது.

பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூல நிரல் பலரிடம் இருந்தது. வலைத்தளங்களை நடத்தியவர்கள் தாங்கள் கண்ட பிழைகளைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டுத் திருத்தங்கள் சேர்ந்தன. 1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃப் உள்ளிட்ட 8 பேர் மையக் குழுவாகச் சேர்ந்து அவற்றை ஒன்று திரட்டினார்கள். ஏப்ரலில் முதல் பொது வெளியீடு. டிசம்பர் 1 அன்று அப்பாச்சி 1.0. குழு தொடங்கி ஓராண்டு சற்றே கடந்த நிலையில், 1996-இல், அது உலகிலேயே அதிகமாகப் பயன்படும் வலைச் சர்வராகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பாச்சியைப் பிறப்பித்தவர்கள் முதலில் பயனாளர்களாகத்தான் இருந்தார்கள். வேறொருவர் எழுதிய நிரலைப் பதிவிறக்கம் செய்து, கட்டி, ஓடவிட்டு, பிழை வந்தபோது உள்ளே பார்த்தார்கள். கட்டத் தெரிந்ததால்தான் அவர்களால் திருத்த முடிந்தது.

கட்டுவதற்கு முன் சரிபாருங்கள்

இனி செயலுக்கு வருவோம். லினக்ஸ் ஓடும் ஒரு கணினி வேண்டும். பழைய மடிக்கணினி போதும். விண்டோஸ் கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினியாகவும் லினக்ஸை ஓட்டலாம். பள்ளிக் கணினி என்றால் பொறுப்பாசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்பாச்சியின் அதிகாரப்பூர்வ வலைத்தளத்தில் மூல நிரல் ஒரே சுருக்கக் கோப்பாகக் கிடைக்கும்.

பதிவிறக்கம் முடிந்ததும் உடனே கட்டத் தொடங்காதீர்கள். அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் வேறு சில சிறு கோப்புகள் இருக்கும். ஒன்றில் 'ஷா-256' அல்லது 'ஷா-512' என்ற முறையில் கணக்கிட்ட ஓர் எண் இருக்கும். இன்னொன்று இலக்கவியல் கையொப்பம். பெரும்பாலோர் இவற்றைத் தொடுவதே இல்லை. அறிவியல் மாணவர் கட்டாயம் தொட வேண்டும்.

ஷா-256 என்பது எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கும் கணக்கு. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். உங்கள் கணினியிலேயே அதைக் கணக்கிட்டு, வலைத்தளத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவிறக்கத்தில் கோப்பு சிதையவில்லை என்று தெரியும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வலைத்தளத்துக்குள் புகுந்த திருடன் கோப்பை மாற்றினால், அருகிலுள்ள எண்ணையும் சேர்த்து மாற்றிவிட மாட்டானா? மாற்றலாம். அதற்காகத்தான் கையொப்பம். அதை உருவாக்க வெளியீட்டாளரிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவி வேண்டும். சரிபார்க்க எல்லாருக்கும் கிடைக்கும் பொதுச் சாவி போதும். வலைத்தளத்தைக் கைப்பற்றுகிறவனிடம் அந்த இரகசியச் சாவி இருக்காது.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைத்தால் 2011-இல் நடந்ததைக் கேளுங்கள். 'வி.எஸ்.எஃப்.டி.பி.டி.' என்பது கோப்புகளைப் பரிமாறும் ஒரு சர்வர். அதன் பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்கு 'மிகவும் பாதுகாப்பான' என்று பொருள். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் அதன் 2.3.4 பதிப்பின் மூல நிரல் கோப்பை யாரோ அதிகாரப்பூர்வத் தளத்திலேயே மாற்றி வைத்துவிட்டார்கள். மாற்றப்பட்ட சர்வரில் பயனர் பெயரோடு ஒரு சிரிப்புக் குறியை, அதாவது முக்காற்புள்ளியையும் மூடும் அடைப்பையும், சேர்த்துத் தட்டினால் போதும். 6200 என்ற எண்ணுள்ள வாசல் திறக்கும்; கடவுச்சொல் இல்லாமலேயே கணினி முழுவதும் வந்தவன் கைக்குப் போய்விடும். ஜூலை 3-ஆம் தேதி இது வெளியானது. கையொப்பத்தைச் சரிபார்த்தவர்கள் தப்பித்திருப்பார்கள். மாற்றப்பட்ட கோப்போடு அந்தக் கையொப்பம் பொருந்தவில்லை. ஒரு நிமிட வேலைதான்.

மூன்று கட்டளைகள், சில தடங்கல்கள்

சரிபார்த்த கோப்பை விரித்தால் பல அடைவுகளும் நூற்றுக்கணக்கான நிரல் கோப்புகளும் கண்முன் விரியும். அவற்றைக் கட்ட மூன்று கட்டளைகள்: 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்'.

கான்ஃபிகர் உங்கள் கணினியைச் சோதனை செய்கிறது. கம்பைலர் இருக்கிறதா, தேவையான துணை நூலகங்கள் இருக்கின்றனவா, செயலி எந்த வகை என்று வரிசையாகக் கேள்வி கேட்டு, பதில்களைக் குறித்துக்கொள்கிறது. பரிசோதனை தொடங்கும் முன் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பட்டியல் போட்டுச் சரிபார்ப்போம் அல்லவா, அதுபோல. சர்வர் எந்த அடைவில் போய் அமர வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். உங்கள் சொந்த அடைவையே கொடுங்கள். நிர்வாகி உரிமை தேவைப்படாது.

முதல் முயற்சியில் இது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். 'ஏ.பி.ஆர். கிடைக்கவில்லை, ஆவணத்தைப் படிக்கவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அப்பாச்சி தனியாக நிற்பதில்லை, ஏ.பி.ஆர்., ஏ.பி.ஆர்.-யூட்டில், பி.சி.ஆர்.இ. போன்ற நூலகங்களைச் சார்ந்து நிற்கிறது. அவை இல்லாவிட்டால் கட்ட முடியாது.

"சார், கெட்டுப்போச்சு" என்று மாணவர்கள் கையைத் தூக்குவது இந்த இடத்தில்தான். எதுவும் கெடவில்லை. கணினி தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருக்கிறது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் சன்னலை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாகப் படிந்திருக்கிறது. பிழைச் செய்தியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை நிதானமாகப் படித்து, அது கேட்பதைத் தேடிக் கொடுத்து, மீண்டும் ஓடவிடுங்கள். இரண்டாவது தடங்கல் வரலாம், மூன்றாவதும் வரலாம். ஒவ்வொன்றும் அந்த மென்பொருள் எதன்மேல் நிற்கிறது என்பதை உங்களுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்திப் பச்சை நிறம் பார்த்தவருக்கு இந்தப் பாடம் கிடைக்காது.

அடுத்தது மேக். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய கருவி இது. எந்தக் கோப்பை முதலில் கம்பைலரிடம் கொடுக்க வேண்டும், எதை அதற்குப் பிறகு என்று வரிசைப்படுத்தி வேலை வாங்கும். திரையில் வரிகள் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண மடிக்கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு மேக் இன்ஸ்டால், கட்டி முடித்த பகுதிகளை நீங்கள் சொன்ன அடைவில் கொண்டுபோய் வைக்கும்.

தொடங்குவதற்கு முன் அமைப்புக் கோப்பில் 'லிசன்' என்று தொடங்கும் வரியில் 127.0.0.1:8080 என்று எழுதுங்கள். 127.0.0.1 என்பது உங்கள் கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி. ஆகவே வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரைத் தொட முடியாது. இது பயிற்சிச் சர்வர். இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். இனி சர்வரைத் தொடங்கி, உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால், 'இட் வொர்க்ஸ்!' என்ற சிறு வாக்கியம் தெரியும். வேலை செய்கிறது! அலங்காரமில்லாத பக்கம்தான். ஆனால் அதைப் பரிமாறியது நீங்கள் கட்டிய மென்பொருள்.

இத்தோடு நின்றுவிடாதீர்கள். 'லாக்ஸ்' என்ற அடைவிலுள்ள பதிவேட்டைத் திறங்கள். நீங்கள் பக்கத்தைக் கேட்ட நேரம், கேட்ட முகவரி, சர்வர் கொடுத்த 200 என்ற பதில் எல்லாம் ஒரு வரியில் பதிவாகியிருக்கும். இல்லாத பக்கம் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த வரியில் 404 வரும். நாள்தோறும் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வலைத்தளமும் இப்படி ஒரு பதிவேட்டில் உங்கள் வருகையைக் குறித்து வைக்கலாம் என்பதை இப்போது நேரில் கண்டுவிட்டீர்கள்.

இன்னொரு பரிசோதனை. கேட்ட பக்கம் இந்தச் சர்வரில் இல்லை என்ற ஆங்கில வாக்கியம் திரையில் வரும் அல்லவா? அதே வாக்கியத்தை மூல நிரலுக்குள் தேடுங்கள். கிடைத்ததும் உங்கள் விருப்பப்படி ஒரு மலாய் வாக்கியமாக மாற்றி, மேக்கை மீண்டும் ஓட்டி, நிறுவிப் பாருங்கள். இந்த முறை சில விநாடிகளில் முடியும். மாறிய கோப்பை மட்டும்தான் மேக் மீண்டும் கட்டும். உலகப் புகழ்பெற்ற சர்வர் இப்போது நீங்கள் எழுதிய வாக்கியத்தைச் சொல்லும். தமிழில் எழுதினால் எழுத்துகள் சிதைந்து தெரியும். அந்தப் பக்கத்தை எந்த எழுத்துக்குறி முறையில் சர்வர் அனுப்புகிறது என்று தேடிப் பார்த்தால் காரணம் பிடிபடும். அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அரை விநாடியைக் கவனித்த ஒருவர்

கையொப்பம் சரியாக இருந்தால் எல்லாம் சரியா? 2024-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இல்லை என்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே முதன்மையான காரணம்.

'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய திறந்த நிரல் மென்பொருள். லினக்ஸ் ஓடும் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் அது இருக்கிறது. நெடுங்காலம் அதைப் பராமரித்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். 2021-இன் பிற்பகுதியில் அடையாளம் தெரியாத ஒருவர் புனைபெயரில் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பினார், நம்பிக்கையைப் பெற்றார், மெல்ல மெல்ல இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அவர் ஓர் இரகசிய வாசலை மறைத்து வைத்திருந்தார். நிர்வாகிகள் தொலைவிலிருந்து சர்வர்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் 'எஸ்.எஸ்.எச்.' என்ற வாசலைப் பல லினக்ஸ் வகைகளில் அதன்வழி கைப்பற்றியிருக்க முடியும்.

எங்கே மறைத்தார் தெரியுமா? தீய பகுதி, சோதனைக்கான மாதிரிக் கோப்புகள்போல் வேடமிட்டுக் கிடந்தது. அதைத் தட்டியெழுப்பும் வரி கட்டும் கட்டளைகளுக்குள், அதுவும் பதிவிறக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் அந்த வரி இல்லை. பாட்டியின் மிளகாயை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் காய்ந்த மிளகாய் சுத்தமாகத்தான் இருந்தது. மில்லுக்குப் போகும் வழியில் பையில் ஏதோ சேர்ந்துவிட்டது. கையொப்பமும் பொருந்தியது, ஏனென்றால் கையொப்பமிட்டவரே அந்த இணைப் பராமரிப்பாளர்தான். கையொப்பம் 'யார் கொடுத்தது' என்று சொல்லும். கொடுத்தவர் நல்லவரா என்று அது சொல்லாது.

பிடித்தது எப்படி? அண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய வழக்கமாகச் சுமார் 0.3 விநாடி ஆகும், இப்போது 0.8 விநாடி ஆனது. அரை விநாடி வேறுபாடு. நம்மில் பலர் 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் ஏன் என்று கேட்டார். ஒவ்வொரு படியாகத் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்குள் அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்பே தடுக்கப்பட்டுவிட்டது.

மாணவர்களே, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஏன் பல முறை அளக்கச் சொல்கிறோம், பொருந்தாத அளவீட்டை ஏன் அழித்துவிடாமல் குறித்து வைக்கச் சொல்கிறோம் என்று சலித்துக்கொள்கிறீர்களே, அதற்கு விடை இந்த அரை விநாடிதான்.

மாற்றுக் கருத்துகளுக்குப் பதில்

"ஒரே கட்டளையில் ஆயத்த சர்வர் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆயத்தத் தொகுப்பையே பயன்படுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்துகொண்டிருக்கும்; கையால் கட்டியதை நீங்களே மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். கடையில் உப்பு வாங்குகிறோம் என்பதற்காக உப்பைப் படிகமாக்கும் பரிசோதனையைப் பள்ளியில் விட்டுவிடுகிறோமா? கட்டிப் பார்ப்பதும் அப்படிப்பட்ட பரிசோதனைதான்.

"மில்லையே நம்ப முடியாவிட்டால்?" என்று இன்னும் கூர்மையாகக் கேட்பவர்களும் இருப்பீர்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தமது டூரிங் விருது உரையில் இதையே எடுத்துக் காட்டினார். கம்பைலருக்குள் திருட்டு வேலை ஒளிந்திருந்தால், சுத்தமான மூல நிரலிலிருந்தும் கெட்ட மென்பொருள் வெளிவரும்; மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது. உண்மைதான். முழு நம்பிக்கை தரும் ஒற்றை வழி எதுவும் இல்லை.

அதற்கும் அறிவியல் முறையிலேயே ஒரு மருந்தைத் தேடியிருக்கிறார்கள். ஒரே மூல நிரலை, ஒரே பதிப்புக் கருவிகளோடு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஆட்கள் கட்டினால், விளைவு ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கைரேகையை ஒப்பிட்டால் போதும். யாராவது ஒருவரின் மில்லில் கலப்படம் இருந்தால் தெரிந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் குழு 2013 முதல் இதில் உழைத்து வருகிறது. சொல்வதுபோல் எளிதல்ல. கட்டிய தேதியையும் நேரத்தையும் மென்பொருளுக்குள் பொறித்து வைக்கும் சிறு பழக்கமே கைரேகையை மாற்றிவிடும். இப்படிப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குகிறார்கள். ஓர் ஆய்வு முடிவை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்த பிறகே ஏற்கிறோம் அல்லவா? இங்கேயும் அதே விதிதான்.

"இது எஸ்.பி.எம். தேர்வில் வருமா?" வராது. தடங்கல் வரும்போது பதறாமல் படிப்பது, ஒன்று எதைச் சார்ந்து நிற்கிறது என்று தேடுவது, அளந்து பார்ப்பது ஆகிய மூன்றும் எந்தத் தேர்விலும் கைகொடுக்கும்.

கதவு திறந்திருந்தால் போதாது

திறந்த மூல நிரல் என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆயிரம் பேர் படிக்கலாம் என்பதும் ஆயிரம் பேர் படித்தார்கள் என்பதும் வெவ்வேறு. 2014 ஏப்ரலில் வெளியான 'ஹார்ட்பிளீட்' என்ற பிழையும் திறந்த நிரலில்தான் இருந்தது, ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் எல்லார் கண்முன்னாலும் 2 ஆண்டுகளாகக் கிடந்தது. எக்ஸ்-இசட் மென்பொருளைத் தாங்கியவர் ஒருவர். அதிலிருந்த சூதைப் பிடித்தவரும் ஒருவர். உலகம் முழுவதும் சாய்ந்து நிற்கும் தூண்களைச் சுற்றி இவ்வளவு குறைந்த கண்கள் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

அந்தக் கண்கள் எங்கிருந்து வரும்? எங்கோ ஒரு பள்ளியில், யாரோ ஒரு மாணவர், ஒரு மென்பொருளைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த நாளிலிருந்துதான் வரும். அது ஏன் நம் பள்ளியாக இருக்கக்கூடாது? பெரிய கருவிகளோ பணமோ தேவையில்லாத அறிவியல் துறை இது. இங்கே தோட்டப்புறப் பள்ளி மாணவரும் தலைநகர் மாணவரும் ஒரே கோப்பிலிருந்து தொடங்குகிறார்கள்.

கணினிக் கழகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்பாட நடவடிக்கைக்கான நாள்களில் இரண்டை இதற்கு ஒதுக்குங்கள். முதல் நாள் சரிபார்ப்பும் கட்டுதலும். இரண்டாம் நாள் பதிவேடும் வாக்கியத்தை மாற்றும் பரிசோதனையும். இரண்டிரண்டு பேராகச் செய்யட்டும். வரும் பிழைச் செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, காரணத்தையும் தீர்வையும் பக்கத்தில் குறிக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு அந்தக் குறிப்பேடே பாடநூலாகும்.

கழகம் இல்லாத மாணவர்கள் காத்திருக்க வேண்டாம். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். கோப்பைப் பதிவிறக்கம் செய்யுங்கள், கைரேகையை ஒப்பிடுங்கள், கையொப்பத்தைச் சரிபாருங்கள், பிறகு கட்டுங்கள். நடுவில் நின்றால் திரையில் வந்த கடைசி வரியைப் படியுங்கள். அங்கிருந்து தொடருங்கள்.